கறியான வாத்தும் என் சீனக் கட்டுரையும்

பலெர்மோ,
கார்த்திகை மாதத்துச் செவ்வாய் இரவு

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, அதாவது என் அன்பான சோதிலிங்கம் மாமாவுக்கு,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். உங்களுக்கு அங்கே யாழ்ப்பாணத்தில் சேவல் கூவப் போகிறது, எனக்கு இங்கே இப்போதுதான் வீடு அடங்கியிருக்கிறது. பிள்ளை நித்திரை. அடுப்பை அணைத்தாகிவிட்டது, அணைத்தேனா என்று எழும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் இந்த வரியை எழுதுகிறேன். நாங்கள் மூவரும் நலம். உங்கள் நலத்தையும் இராசேஸ்வரி மாமியின் முழங்கால் நலத்தையும் அறிய ஆவல். நான் அனுப்பிய ஒலிவ் எண்ணெயை மாமி முழங்காலுக்குப் பூசுகிறா என்று கேள்விப்பட்டேன். அது சாப்பிடுகிற எண்ணெய். ஆனால் சுகம் தருகிறதென்றால் பூசட்டும், அடுத்த முறை பெரிய போத்தலாக அனுப்புகிறேன்.

விசயத்துக்கு வருகிறேன். உங்கள் சீனச் சிறப்பிதழுக்கு ‘இன்றைய சீனப் புனைகதையில் எடுத்துரைப்பு உத்தியும் மேற்குலகத் தாக்கமும்’ என்ற தலைப்பில் என்னிடம் கட்டுரை கேட்டீர்கள். கேட்டது ஆவணியில், நான் ஓம் சொன்னதும் ஆவணியில், இப்போது கார்த்திகை. இடையில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது, பிறகு எனக்கு வந்தது, பிறகு எங்கள் ஒரேத்தோ ஆற்றுப் பக்கத்தில் வெள்ளம் நின்றது, பிறகு பெர்மெஸோ புதுப்பிக்கிற வரிசையில் போய் நின்றேன், வதிவிட அனுமதி இல்லாமல் இலக்கியம் எழுதி என்ன செய்வது. இதற்கெல்லாம் நடுவில் நீங்கள் தொலைபேசி எடுத்து, ‘கலியாணம் கட்டி இத்தாலிக்குப் போன துசானி இனி எழுதினால் சமையல் குறிப்புத்தான் எழுதுவாள்’ என்று கஜானன் சொன்னதாகச் சொல்லிச் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். போனை வைத்தபிறகு சிரிக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் என்னுடைய குறிப்புகளை இரவல் வாங்கிப் படித்துச் சோதனை எழுதியவன் அவன். இன்றைக்கு இலண்டனில் இருந்துகொண்டு இலத்தீன் அமெரிக்காவில் இருந்து இடியப்பம் வரைக்கும் எழுதுகிறான். என் கட்டுரை வராவிட்டால் அந்தப் பக்கங்களை அவனுக்குக் கொடுப்பேன் என்றும் சொன்னீர்கள். மாமா, மகள் லக்ஷனா பிறந்தபிறகு நான் கடைக்குக் கொண்டுபோகிற சாமான் துண்டைத் தவிர ஒன்றும் எழுதவில்லை. நான் இன்னும் வாசிக்கத் தெரிந்த ஆள்தானா என்று எனக்கே பார்க்க வேண்டியிருந்தது. அந்தப் பக்கங்கள் எனக்கு வேண்டும்.

சீனக் கதைக்கு நான் எங்கே போனேன் என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். நான் வேலைக்குப் போகிற வீட்டுச் சிஞ்ஞோரா நின்ஃபா, பல்கலைக்கழகத்தில் சீனமொழி படிப்பித்து ஓய்வு பெற்றவ. எண்பது வயது. பின்னேரம் போய் அவவுக்குச் சமைத்து, சாப்பிடப் பண்ணி, மருந்து கொடுத்துப் படுக்க வைத்துவிட்டு வருவேன். அவ பல வருடமாக ஒரு சீன நாவலை இத்தாலிய மொழியில் பெயர்த்துக்கொண்டிருந்தா, இன்னும் வெளிவரவில்லை. நான் கட்டுரை விசயத்தைச் சொன்னவுடன் அந்தத் தாள்கட்டை அப்படியே தூக்கித் தந்துவிட்டா. எவ்வளவு பெரிய மனம். ஒரு கோப்புறைக்குள் தனித்தனித் தாள். பக்க எண் இல்லை. கணினியில் அதை எங்கே போடுவது என்று அவவுக்குத் தெரியாது, ‘எனக்குத்தான் வரிசை தெரியுமே’ என்றா. அத்தியாயங்களுக்கும் எண் இல்லை, ஒரு சின்ன நட்சத்திரம் மட்டும். வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்து, வசதிப்படும்போதெல்லாம் நாலு பக்கம், ஐந்து பக்கம் என்று போன் அகராதியோடு வாசித்தேன். என் கணவர், இவர் பத்து வயதில் இங்கே வந்து பள்ளிக்கூடம் போனவர், அகராதி இல்லாமல் வாசிப்பார். என்னுடைய இத்தாலியமோ கடைக்கும் கிளினிக்குக்கும் போதுமான இத்தாலியம். ஆனால் மாமா, வாசிக்க வாசிக்க எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

கதை லின் என்ற ஒரு குடை திருத்துகிறவனைப் பற்றியது. ஆற்றங்கரைச் சின்னப் பட்டினம், ஒரு மனைவி, ஒரு மாமியார், ஒரு வெள்ளப்பெருக்கு, ஒரு பெரிய வெள்ளை வாத்து. இவ்வளவுதான். ஆனால் சொல்கிற விதம் இருக்கிறதே. முதல் அத்தியாயத்திலேயே வருடப்பிறப்பு விருந்து, வாத்தை அடித்துக் கறி வைத்துச் சாப்பிட்டு முடிக்கிறார்கள். அடுத்த அத்தியாயத்தில் அதே வாத்து, அதே முறிந்த இடது செட்டையோடு வந்து வரி கேட்க வந்த அதிகாரியின் கெண்டைக்காலைக் கடிக்கிறது. ஆசிரியர் ஒரு சொல் விளக்கம் தரவில்லை. மூன்றாவதில் லின் செத்துப்போகிறான், செத்தவீட்டில் பட்டாசு கொளுத்துகிறார்கள். நாலாவதில் மாமியாரின் வாயைப் பற்றி முறையிடுகிறான். ஐந்தாவதில்தான் கலியாணம் கட்டுகிறான். கடைசி அத்தியாயத்தில் பிறக்கிறான். ஓரிடத்தில் ஒரு பக்கம் ‘கதவைத் திறந்த லின் கண்டது’ என்று முடிகிறது, அடுத்த பக்கம் ‘உப்புப் போட்டு ஊறவைத்த முட்டைக்கோவா’ என்று தொடங்குகிறது. வெள்ளத்தில் காணாமற்போன மனைவியைத் தேடி வந்தவன், மாமா, கோவாவைக் காண்கிறான். அந்த ஒரு இணைப்பைப் பற்றி மட்டும் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில் சீனாவின் கதவு திறந்ததும் மேற்குலகப் புத்தகங்கள் மொழிபெயர்ப்பாகி வெள்ளம்போல உள்ளே வந்ததும், மேற்கில் நூறு வருடமாக மெதுவாக நடந்ததையெல்லாம் சீன இளம் எழுத்தாளர்கள் பத்து வருடத்துக்குள் செய்து பார்த்ததும் உங்களுக்குத் தெரிந்ததுதான். நனவோடை, உடைந்த காலம், நம்ப முடியாத கதைசொல்லி, தென்னமெரிக்கப் பாணி மாயம். இது வெறும் இரவல் என்று ஒரு பகுதி விமர்சகர் சொல்ல, இல்லை, பேயும் நரிப்பெண்ணும் எங்கள் பழங்கதையிலேயே இருந்ததுதான் என்று மற்றப் பகுதி சொன்னது. நான் இரவல் என்ற பக்கம் நிற்கிறேன். ஆனால் மரியாதையான இரவல். வாத்து மாய யதார்த்தம். மாமியார் நனவோடை. கோவா, மேற்குத் திரைப்படத்தில் இருந்து வந்த வெட்டு. செத்தபிறகு பிறப்பது, காலத்தை நேர்கோடாகப் பார்க்காத மேற்கு நவீனத்துவத்தின் உச்சம். வேறு யாராவது வாசித்திருந்தால் இது என்ன குழப்பம் என்று மூடி வைத்திருப்பார்கள். படித்த படிப்பு வீண்போகவில்லை என்று எனக்கே ஒரு சந்தோசம்.

இதைச் சிஞ்ஞோராவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவ போஞ்சிக்காய் நார் எடுத்துக்கொண்டிருந்தா, நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

“மேற்கா? இதிலையா?” என்றா. “பிள்ளை, இது பழைய மாதிரிக் கதை. எங்கடை மக்வேதா வீதி மாதிரி நேராய்ப் போகும். இந்த முனையிலை நிண்டால் அந்த முனை தெரியும்.”

“அப்ப வாத்து, சிஞ்ஞோரா?”

“வாத்துக்கு என்ன?”

“செத்தபிறகு திரும்பி வருதே.”

சிஞ்ஞோரா சுவரில் தொங்குகிற, காலமான கணவரின் படத்தைப் பார்த்தா. “செத்தபிறகு ஆர் திரும்பி வந்தாலும் நல்லதுதான்,” என்றா. “ஆனால் அந்த மனிசன் வந்தால் முதல் சாப்பாட்டைக் கேப்பான். வெங்காயத்தைச் சின்னனாய் வெட்டு.”

நான் வெங்காயத்தைச் சின்னனாய் வெட்டினேன். வயதானவ, வருடக்கணக்காக ஒரே நாவலோடு இருந்தவ, பக்கத்தில் நிற்பவருக்கு மலையின் உருவம் தெரியாதுதானே. கட்டுரையின் ஏழாம் பக்கத்தில் ‘மொழிபெயர்த்தவரே இந்த நாவலின் துணிச்சலை அறியவில்லை’ என்று மரியாதையாக ஒரு வரி எழுதியிருக்கிறேன். அவவுக்குத் தமிழ் தெரியாது.

இதற்குள் பிள்ளையின் பாலர் பள்ளியில் இருந்து அழைப்பு வந்தது. நடந்தது இதுதான். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கோழி கொடுத்திருக்கிறார்கள். எங்கள் லக்ஷனா எழும்பி நின்று, இந்த ஊர் மீன்காரன் மாதிரி இழுத்து இழுத்து, “சாப்பிட்டால் திரும்பி வரும், வந்து காலைக் கடிக்கும்,” என்று இத்தாலியத்தில் அறிவித்திருக்கிறாள். மேசை முழுக்கக் காலைத் தூக்கிக் கதிரையில் வைத்துக்கொண்டு அழுதிருக்கிறது. ஒரு பிள்ளையும் கோழி தொடவில்லை. அடுத்த நாள் படம் கீறச் சொன்னால் ஒரு சவப்பெட்டியையும் அதற்குப் பக்கத்தில் தொட்டிலையும் கீறி, இந்த லின் மாமா முதல் செத்தவர், பிறகுதான் பிறந்தவர் என்று விளக்கமும் கொடுத்திருக்கிறாள். இவரும் நானும் போனோம். அந்தச் சின்னக் கதிரைகளில் இருந்தோம், முழங்கால் நாடியில் இடித்தது. வீட்டில் யாராவது அண்மையில் காலமாகிவிட்டார்களா என்று ரீச்சர் மெல்லமாகக் கேட்டா. இல்லை, இது இலக்கியம் என்றேன். நான் உரத்து வாசித்துப் பழகும்போது பிள்ளையின் காதில் விழுந்திருக்க வேண்டும் என்றேன். பிறகு விளக்கினேன். எனக்குத் தெரிந்த இத்தாலியத்தில் மாய யதார்த்தத்தை விளக்கினேன், கிழக்கு எப்படி மேற்கை வாங்கியது என்று கையால் காட்டி விளக்கினேன். ரீச்சர் எதையோ எழுதிக்கொண்டா. இவர் சுவரில் ஒட்டியிருந்த கடதாசி மீன்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் ரீச்சர், “அம்மா, எதைச் சொன்னாலும் முதல் பிறப்பைச் சொல்லுங்கோ, பிறகு சாவைச் சொல்லுங்கோ,” என்று கேட்டுக்கொண்டா. நான் தலையாட்டினேன். உலகத்துக்கு நவீனத்துவம் இன்னும் முழுதாகப் போய்ச் சேரவில்லை.

ஒரு கவலை மட்டும் இருக்கிறது. சிஞ்ஞோராவின் தாள்களில் அங்கங்கே மஞ்சள் கறை. சொதியா பருப்பா என்று தெரியவில்லை. சமைத்துக்கொண்டே வாசித்தது என் பிழைதான். நாளைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும், எலுமிச்சம்புளி போட்டுத் துடைத்துப் பார்க்கலாமா என்று யோசிக்கிறேன். மற்றபடி எனக்கு இப்போது மனம் நிறைவாக இருக்கிறது மாமா. பிள்ளைகூட இந்த ஒரு மாதமாக நான் வேலைக்குப் போகிற பின்னேரங்களில் இவரிடம் தட்டு வழித்துச் சாப்பிடுகிறாள். நான் ஊட்டித் தீத்தினால் உதட்டுக்குப் பூட்டுப் போடுகிற பிள்ளை. வைத்தியர் நிறை நல்லாய் ஏறியிருக்கு என்றார். ஏன் ஏறியது என்று அதற்கும் கொஞ்சம் கவலைப்பட்டேன், பிறகு விட்டுவிட்டேன். மொண்டெல்லோவில் இவரின் கடற்கரை உணவகம் மாரிக்குப் பூட்டியபடியால் அவர் பின்னேரம் வீட்டில். எல்லாம் நன்மைக்கே.

கட்டுரை இத்துடன் இணைப்பில் வருகிறது. ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற வேண்டாம் என்று பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன். முக்கியமாக வாத்துப் பகுதியை வெட்டிவிடாதீர்கள், அதுதான் உயிர். முடிந்தால் கஜானனுக்கு இரண்டு பிரதி அனுப்புங்கள். மாமிக்கு என் அன்பு. உங்களுக்கும் இதழுக்கும் நல்லூரான் துணை நிற்கட்டும், கண்ணாடியை மாற்றிவிட்டு மெய்ப்புப் பாருங்கள், போன இதழில் என் பெயர் ‘துசனி’ என்று வந்திருந்தது.

அன்பு மருமகள்,
துசானி விதுரன்

பின்குறிப்பு: மாமா, நேற்றுக் கடிதத்தை அனுப்பவில்லை. இது புதன் இரவு. இணைப்பைத் திறக்க வேண்டாம். திறந்திருந்தால் மூடுங்கோ.

நேற்று மேலே உள்ளதை எழுதி முடித்த சந்தோசத்தில், சோபாவில் போனில் பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்த இவருக்கு வாத்துப் பகுதியை வாசித்துக் காட்டினேன். இவர் போனை அணைத்தார். பந்தாட்டத்தின் நடுவில் இவர் போனை அணைத்ததை நான் கலியாணம் கட்டிய நாளில் இருந்து கண்டதில்லை. யாரோ செத்துப்போனார்கள் என்றே நினைத்தேன்.

“துசா, அந்த வாத்து முதல் கடிக்கிறது. பிறகுதான் கறியாகிறது.”

“இல்லை. கறியானபிறகுதான் கடிக்கிறது. நான் வாசிச்சனான்.”

“நீ வாசிச்சது நான் வைச்ச ஒழுங்கு.”

“என்ன ஒழுங்கு?”

“தீத்திற ஒழுங்கு,” என்றார்.

பிறகு மெல்ல மெல்ல எல்லாம் வந்தது. “நீ வேலைக்குப் போனபிறகு பிள்ளை வாயைத் திறக்கேல்லை. மேசையிலை உந்தத் தாள் கிடந்தது, எடுத்து வாசிச்சுத் தமிழிலை சொன்னன். விருந்து வாற இடத்திலை பாத்துக்கொண்டிருந்தாள். சரி, முதல் வாய் அதிலை போகும் எண்டு அதைத் தூக்கி மேலை வைச்சன். வாத்து கடிக்கேக்கை பயந்து ‘ஆ’ எண்டுவாள், அதுக்குள்ளை ரெண்டு வாய். செத்தவீட்டுப் பட்டாசுக்கு ஒண்டு. மாமியார் பேசேக்கை சிரிப்பாள், சிரிக்கேக்கை பருப்பு வைக்கலாம். பிறக்கிற இடத்திலை ஒரு சத்தமும் இல்லை, அதைச் சொல்ல நித்திரையாயிடுவாள். ஒவ்வொருநாளும் தேடக் கஷ்டம், அதாலை அப்பிடியே அடுக்கி வைச்சிட்டன்.”

“கோவா?”

“அந்தத் தாளுகளை அவள் தட்டி விழுத்தினவள். பொறுக்கி வைச்சன்.”

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன், மாமா.

“பள்ளிக்கூடத்திலை வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்தானே.”

“நீர் ரீச்சருக்குக் கிழக்கும் மேற்கும் காட்டிக்கொண்டிருந்தனீர். நடுவிலை கதைச்சால் மரியாதை இல்லை.” கோபம் வரப்போகுது என்று தெரிந்தால் இவர் எனக்கு ‘நீர்’ போடுவார். எனக்குக் கோபம் வரவில்லை. அந்தக் கறை எல்லாம் எந்தெந்தத் தாளில் என்று எடுத்துப் பார்த்தேன். நான் ‘உத்தி’ என்று எழுதிய ஒவ்வொரு இடத்திலும் பருப்பு.

இன்றைக்குச் சிஞ்ஞோராவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், ஏழாம் பக்கத்து வரியைத் தவிர. அவ கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைக்கும்வரை சிரித்தா. பிறகு தாள்களைச் சரியான ஒழுங்கில் அடுக்கப் பண்ணினா, அதுக்கு முதல் இவரின் ஒழுங்கை ஒரு துண்டில் எழுதித் தரச் சொன்னா. ஏன் என்று கேட்டேன். அந்தக் காலத்துச் சீனத் தேநீர்க் கடையிலே கதை சொல்கிறவன், வாள் கழுத்துக்கு வரும்வரை சொல்லிவிட்டு நிறுத்துவானாம். நிறுத்திவிட்டுக் காசுத் தட்டை நீட்டுவானாம். காசு விழுந்தால்தான் வாள் விழும். “உன்ரை மனிசனும் அதைத்தான் செய்யிறார்,” என்றா. “அவன் தட்டை நிரப்பினான், இவர் தட்டைக் காலியாக்கிறார். இதிலை மேற்கு எங்கை இருக்கு?”

நேரத்தோடு வீட்டுக்கு வந்து, ரீச்சர் கேட்டபடி, பிள்ளைக்கு நாவலை முதலில் இருந்து சொன்னேன். லின் பிறந்தான். லக்ஷனா கொட்டாவி விட்டாள். லின் தவழ்ந்தான். தட்டு நிறையச் சோறு, ஒரு வாய்கூடப் போகவில்லை, பிள்ளை கதிரையிலேயே நித்திரை. இவர் கதவடியில் நின்று கடதாசி மீனைப் பார்த்த அதே முகத்தோடு பார்த்துக்கொண்டு நின்றார். நானே சொன்னேன், “சரி, நாளைக்கு வாத்திலை தொடங்குங்கோ.”

ஆகவே மாமா, கஜானன் சொன்னது சரிதான். நான் எழுதியது சமையல் குறிப்பு. ஆனால் அதை இப்போது முறையாக எழுத வேண்டும் போல இருக்கிறது. ஒரு கதையை ஏன் உடைக்கிறார்கள் என்று எந்தப் புத்தகத்தில் படித்ததைவிடவும் இன்றைக்கு எனக்கு நன்றாக விளங்கியிருக்கிறது. வாய் திறக்காத ஒருவர் முன்னால் இருக்கிறபடியால்தான். சீனாவிலும் அப்படித்தான் இருந்திருக்கும், மேற்கிலும் அப்படித்தான் இருந்திருக்கும், யார் யாரிடம் வாங்கினார்கள் என்பது பிறகு. தலைப்பு அதேதான், உள்ளே எல்லாம் வேறு. ஒரு கிழமை தந்தால் போதும், சிஞ்ஞோரா சரிபார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறா. அந்தப் பக்கங்களைக் கஜானனுக்குக் கொடுத்துவிட்டீர்களா, இல்லையா? தயவுசெய்து கெதியாய்ப் பதில் எழுதுங்கோ.